பழி ஓரிடம்

ரயிலிலிருந்து ஒருவர் விழுந்து செத்துப்போனார் என்று செய்தி வந்தால், ஆனைக்குட்டத்துத் திண்ணையில் ஆகட்டும், திருத்தங்கல் டீக்கடையில் ஆகட்டும், நாங்கள் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். குடிச்சிருந்தானா? படியில உக்காந்திருந்தானா? டிக்கெட் எடுத்திருந்தானா? இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் ஆள் சிக்கிவிட்டால் போதும். டீயைக் குடித்து முடித்துக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவோம். கதவு ஏன் திறந்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கூட நின்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டதே இல்லை. கூட நின்றவர்கள் நாங்கள்தானே, எப்படிக் கேட்போம்?

விருதுநகரில் பிரிந்து திருத்தங்கல், சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று தென்காசிக்குப் போகிற தடம் எங்களுடையது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை என்பது ஒரு ராத்திரிப் பயணம். பொதிகை, கொல்லம் எக்ஸ்பிரஸ், சிலம்பு. படுக்கை கிடைத்தால் படுத்துக்கொண்டு போவோம். கிடைக்காவிட்டால் முன்பதிவு இல்லாத பெட்டியில் முண்டியடித்து ஏறுவோம். ஏறினால் சிலருக்கு இடம் கதவோரத்தில்தான். தீபாவளி நெருங்கும் ஐப்பசியில் சிவகாசி ஸ்டேஷனில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வெடி கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள், மைக்கில் சொல்வார்கள். சரியான காரியம்தான். வெடி என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பைக்குள் இருக்கிற ஒரு பெட்டி மத்தாப்பை அவ்வளவு அக்கறையாகத் தேடுகிறவர்கள், ரயில் பெட்டியின் நாலு கதவும் பப்பரப்பா என்று திறந்து கிடக்க வண்டி கிளம்புவதைக் கண்டுகொள்வதில்லை. நாங்களும் பையைக் காட்டிவிட்டு ஏறி, அதே கதவில் சாய்ந்து நிற்கிறோம்.

2024 மே 2ஆம் தேதி மாலை எழும்பூரிலிருந்து புறப்பட்ட கொல்லம் எக்ஸ்பிரஸில், வளைகாப்புக்காக ஊருக்கு வந்துகொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர் இருந்தார். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே வாந்தி வர, எழுந்து கைகழுவும் தொட்டிப் பக்கம் போனார். அங்கிருந்து கதவு வழியாக வெளியே விழுந்தார். பதறிப்போன உறவினர்கள் அபாயச் சங்கிலியை இழுத்தார்கள். தங்கள் பெட்டியில் இழுத்த சங்கிலி வேலை செய்யவில்லை என்றும், அடுத்த பெட்டிக்கு ஓடிப்போய் இழுத்த பிறகுதான் வண்டி நின்றது என்றும் அவர்கள் சொன்னார்கள். அதற்குள் வண்டி பல கிலோமீட்டர் தாண்டியிருந்தது. அந்தப் பெண் தண்டவாளத்தோரம் சடலமாகக் கிடைத்தார். தெற்கு ரயில்வே விசாரணைக்கு உத்தரவிட்டது.

இது எங்கள் வண்டி. சிவகாசியில் நின்று போகிற வண்டி. அந்த வாரம் எங்கள் பக்கம் என்ன பேசினோம்? “பிள்ளைத்தாச்சிப் பொண்ண ராத்திரி வண்டியில கூட்டிட்டு வரலாமா?” என்று ஒருவர். “கூட ஒரு ஆளு எந்திரிச்சுப் போயிருக்க வேண்டாமா?” என்று இன்னொருவர். இங்கே குடியும் இல்லை, படிக்கட்டும் இல்லை, டிக்கெட்டும் கையில் இருந்தது. மூன்று கேள்விக்கும் வேலையில்லை என்றதும் நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் குடும்பத்தின் தலையில் கட்டினோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைக் கொண்டுபோய் இறக்க ஓர் இடம் எங்களுக்கு எப்போதும் கிடைத்துவிடுகிறது. மறுவாரம் அதே வண்டியில், அதே மாதிரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம்.

அந்த இடத்தைச் சற்று நின்று பார்த்தால் தெரியும். படுக்கை வசதிப் பெட்டியின் இரண்டு கடைசியிலும் கழிப்பறைகளுக்கு முன்னால் ஒரு சின்ன நடை இருக்கிறது. இடமும் வலமும் வெளிக் கதவுகள். கைகழுவும் தொட்டியும் அங்கேதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் தொட்டிக்குள் பாதி, தரையில் பாதி. ராத்திரி ஒன்பது மணிக்குள் அந்தத் தகரத் தரை ஈரமாகிச் செருப்பு வழுக்கும். கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும். வளைவில் வண்டி திரும்பும்போது அதுவாகவே படாரென்று வந்து அடிப்பதும் உண்டு. அப்படி வந்து அடித்த கதவில் விரல் நசுங்கியவர்களும் இருக்கிறார்கள். வாய் கொப்பளிக்கக் குனிகிறவருக்கும் திறந்த வாசலுக்கும் நடுவே ஓர் ஆள் அகலம்கூடத் தேறாது. பிடித்துக்கொள்ளக் கம்பி வாசலின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதாவது பிடிமானம் வேண்டுமென்றால் ஆபத்தை நோக்கித்தான் கையை நீட்ட வேண்டும். இதை வடிவமைத்தவர்களைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் பல்விளக்க, முகம் கழுவ, பிள்ளைக்கு வாய் துடைத்துவிட என்று அங்கே வாழ்நாளெல்லாம் நின்றிருக்கிற நாங்கள் ஒரு நாளாவது கேட்டோமா?

கப்பலில் இதே கதை வேறு விதமாக நடந்திருக்கிறது. சொகுசுக் கப்பல்களிலிருந்து பயணிகள் கடலில் விழுந்து காணாமல்போவது உலகெங்கும் நடக்கிறது. குடித்திருந்தார், கைப்பிடிச் சுவரில் ஏறினார், தானாகவே குதித்தார் என்றுதான் அங்கேயும் முதல் பேச்சு எழும். கப்பல் ஒரு நாட்டுக் கம்பெனியுடையது, கொடி பஹாமாஸ் அல்லது பனாமா நாட்டுடையது, விழுந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடல். எந்தப் போலீஸ் விசாரிப்பது என்பதே வழக்காகிவிடும். காணாமல்போனவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆள் விழுந்தால் படம் பிடிக்கவோ கண்டுபிடிக்கவோ கருவி இருக்க வேண்டும். கருவி விஷயத்தில், தொழில்நுட்பம் கிடைக்கிற அளவுக்கு என்று ஓர் ஓட்டையையும் விட்டுவைத்தார்கள். 2023 ஜூலை 31 அன்று பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து ஓர் இந்தியப் பெண் சிங்கப்பூர் ஜலசந்தியில் விழுந்தபோது, ஏதோ கடலில் விழுந்தது என்று கப்பலின் கருவி சொன்னது. கேமராப் பதிவும் இருந்தது. உயிரைக் காப்பாற்ற அது உதவவில்லை. என்ன நடந்தது என்று குடும்பம் தெரிந்துகொள்ளவாவது உதவியது.

நடுக்கடலில் மூன்றரை அடிச் சுவர் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் எங்கள் வண்டியின் வாசலில் அரையடிச் சுவர்கூடக் கிடையாது. அதை ஒரு குறையாக நினைத்ததும் கிடையாது. ‘காத்து வரும்’ என்றுதான் நினைத்திருக்கிறோம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டு நாட்டில் 17,993 ரயில் விபத்துகள், 16,431 சாவுகள். வண்டி தடம்புரண்டது, வண்டியும் வண்டியும் மோதியது என்பதெல்லாம் இதில் கொஞ்சம்தான். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, ரயிலிலிருந்து விழுந்தவர்களும் தண்டவாளத்தில் அடிபட்டவர்களும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருப்பதால் விழுந்தவர்கள் தனியாக எத்தனை பேர் என்று அந்த அட்டவணையில் பிரித்துப் பார்க்க வழியில்லை. தடம்புரண்டால் மந்திரி வருவார், டிவி வரும். ஒருத்தர் ஒருத்தராக விழுந்தால் பேப்பரில் எட்டாம் பக்கத்தில் நாலு வரி. அந்த நாலு வரியிலும் ‘நிலைதடுமாறி’ என்று இருக்கும். தடுமாறியது யாருடைய நிலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஆனால் இந்தப் பழியைச் சட்டம் எப்போதோ இறக்கி வைத்துவிட்டது. அது தெரியாமல் இருந்ததுதான் எங்கள் குற்றங்களில் பெரியது என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் வண்டி மோதினால், கவிழ்ந்தால்தான் ரயில்வே நஷ்டஈடு கொடுக்கும். 1994 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 124ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பயணி தவறி விழுந்து இறந்தாலோ காயம்பட்டாலோ, ரயில்வேயின் மேல் தப்பு இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே நஷ்டஈடு தர வேண்டும். தற்கொலை, தானே செய்துகொண்ட காயம், தன் குற்றச் செயல், போதை அல்லது சித்தப்பிரமை, இயற்கையான நோய் ஆகியவைதான் விலக்குகள். 4 லட்சமாக இருந்த தொகை 2017 ஜனவரி முதல் 8 லட்சம்.

ஆக, எங்கள் மூன்று கேள்விகளில் சட்டத்தில் கொஞ்சமாவது நிற்பவை குடியும் டிக்கெட்டும்தான். குடியை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், டீக்கடை நிரூபித்தால் போதாது. திறந்த கதவோரம் நின்றிருந்தால்? 2010ல் உச்ச நீதிமன்றம் ஜமீலா வழக்கில் அதற்குப் பதில் சொல்லிவிட்டது: அது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றச் செயல் ஆகாது, நஷ்டஈடு உண்டு. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால்? 2018 மே மாதம் ரீனா தேவி வழக்கில் அதற்கும் பதில் வந்தது: சடலத்தில் டிக்கெட் இல்லை என்பதற்காகவே அவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது. குடும்பத்தார் விவரங்களைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுக்கும் பொறுப்பு ரயில்வேக்குப் போய்விடும். செத்தவர் பேரிலும் பாதித் தப்பு என்று தொகையைக் கழிக்கவும் முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

நாட்டின் உச்ச நீதிமன்றம் கழித்துவிட்ட தப்பை நாங்கள் இன்னும் கழிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு, வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து “அவன் பாத்துப் போயிருக்கலாம்” என்று பேசுகிறோம். உள்ளே அந்த வீட்டுப் பெண்ணின் காதில் விழும். பாத்துப் போயிருக்கலாம் என்று ஊரே சொன்ன பிறகு, ‘நஷ்டஈடு கேட்கிறேன்’ என்று ஒரு வக்கீல் வீட்டு வாசலில் போய் நிற்க அவளுக்கு வாய் வருமா? ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். கருமாதி, கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அந்த ஓராண்டு ஓடியே போகிறது. சென்னையில் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது என்ற தகவலைச் சொல்லக்கூட பந்தலில் உட்கார்ந்திருந்த எங்களில் ஆளில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எட்டு லட்சம் வந்திருக்கும். சொன்னதெல்லாம் புத்திமதி.

தீர்ப்பாயத்துக்குப் போனவர்களுக்கும் பாதை நேராக இல்லை. 2014ல் கரூர்ப் பக்கம் நெரிசலில் ரயிலிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். சடலத்தோடு டிக்கெட் கிடைக்கவில்லை. தீர்ப்பாயம் தள்ளியது. உயர் நீதிமன்றமும் தள்ளியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அந்தக் குடும்பத்துக்கு 8 லட்சம் தரச் சொன்னது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்த வண்டியில் நெரிசல் என்றால் எத்தனை பேர் கூட இருந்திருப்பார்கள்! நெரிசல் என்பதே ஆட்கள்தான். டிக்கெட் எடுக்கும்போது வரிசையில் முன்னால் நின்றவர், ஏறும்போது கைகொடுத்தவர், பக்கத்தில் இடிபட்டவர் என்று பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். டிக்கெட் என்பது உள்ளங்கை அளவு மெல்லிய தாள். சட்டைப் பையிலிருந்து பறந்து போகும், ரத்தத்தில் ஊறும். இப்போது செயலியில் எடுத்தால் செல்போனோடு சேர்ந்து நொறுங்கும். அதன் இடத்தில் நிற்கக்கூடியது கூட வந்தவர்களின் வாய்ச்சொல்தான். அது கிடைக்காததால்தான் இத்தனை குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் படி ஏறி இறங்குகின்றன.

இந்தப் பழக்கம் எங்களுக்கு ரயிலில் வந்ததல்ல என்று தோன்றுகிறது. வெடி ஆலைகள் கற்றுக்கொடுத்தது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: 20க்கும் மேல். இன்னும் பெயர் சொல்லாமல் விட்ட ஊர்கள் எத்தனையோ. ஒவ்வொரு முறையும் மறுநாள் பேச்சு ஒரே மாதிரி: மருந்து கலக்கும்போது உராய்வு. உராய்ந்தது யார் கை? செத்தவர் கை. லைசென்ஸ் ஒருவர் பெயரில், உள்குத்தகை இன்னொருவரிடம், அறை அறையாகப் பிரித்து எடுத்தவர் மூன்றாமவர், ஆள் பிடித்துக் கொடுத்தவர் நாலாமவர், கூலி பீஸ் கணக்கில். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எவ்வளவு குவிந்திருந்தது என்ற கேள்விகளெல்லாம் மேலே போகும் கேள்விகள். மேலே கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது. கீழே கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, கீழே இருப்பவர் செத்துவிட்டார். போர்மேன் முதலில் கைதாவார், முதலாளி தலைமறைவு என்று போடுவார்கள். மூன்று மாதத்தில் கேட் திறக்கும், நாங்கள் உள்ளே போவோம். ஐம்பது, அறுபது ஆண்டுகளாகப் பழி கீழ்நோக்கி ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள், ரயில் படிக்கட்டில் மட்டும் அதை மேல்நோக்கிக் கேட்டுவிடுவோமா?

வண்டியும் சாவும் சேர்ந்த பழைய கணக்கு ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. 1976ல் தீப்பெட்டித் தொழிற்சாலை வேலைக்குக் குழந்தைகளை ஏற்றிப்போன பஸ் விபத்துக்குள்ளாகிப் பல பிள்ளைகள் இறந்தார்கள். அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் விசாரணை வைத்தது. சிவகாசியில் குழந்தைகள் வேலை பார்ப்பதை நாடு கவனித்தது அதன் பிறகுதான். அதற்கு முன்னால் விடியற்காலையில் அந்த பஸ் ஊர் ஊராக வந்து ஹாரன் அடித்தபோது பிள்ளையை எழுப்பி முகம் கழுவி ஏற்றிவிட்டவர்கள் எங்கள் அப்பா அம்மாக்கள். வறுமை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த பஸ்ஸில் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணிப் பார்க்க வறுமை தடை சொல்லியிருக்காது. ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர்கள் பழுதாகி, விருதுநகருக்குக் குடிதண்ணீராகப் போக வேண்டியது ஆண்டுக்கணக்கில் வீணாக வெளியே கசிந்தபோதும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்தோம். யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கிறது போல.

விழுந்தவர் மேல் தப்பே கிடையாதா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உள்ளே இடம் இருந்தும் படியில் உட்கார்ந்து ஒரு காலைத் தொங்கவிட்டு ரீல்ஸ் எடுக்கிற பையனை எனக்கும் தெரியும். படியில் பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 156ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அதை யார் மறுத்தது? ஆனால் எல்லாப் படிக்கட்டும் ரீல்ஸ் படிக்கட்டு இல்லை. 2018 ஜூலை 24 அன்று காலை சென்னையில் கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்து, புறநகர் வண்டிகளை விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். வேலைக்குப் போகிற கூட்டம் படியில் பிதுங்கிக்கொண்டு நின்றது. பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சுவர். தொங்கியவர்கள் அதில் மோதினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். பாதையை மாற்றியது அவர்கள் இல்லை. சுவர் கட்டியது அவர்கள் இல்லை. மூடாத கதவோடு வண்டியை எடுத்ததும் அவர்கள் இல்லை. 2025 ஜூன் 9 அன்று மும்பைக்கு அருகே மும்ப்ராவில் எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் படியில் தொங்கியவர்கள் உரசி விழுந்து உயிர்கள் போனதும் இதே கதைதான். அதன் பிறகு மும்பை வண்டிகளுக்குத் தானாக மூடும் கதவு போடுவோம் என்று ரயில்வே அறிவித்தது.

தானாக மூடும் கதவு ஒன்றும் நிலவிலிருந்து வர வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 24 முதல் அது விருதுநகர் ஜங்ஷனில் நின்று போகிறது. சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத். கதவு மூடாமல் அந்த வண்டி நகராது. நகர்ந்த பிறகு அதைச் சும்மா திறந்து வைத்துக்கொள்ள முடியாது. அதே பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் கழித்து வேறொரு வண்டி வரும். முன்பதிவில்லாப் பெட்டியில் நூறு பேர் உட்காரலாம், அதைப் போல இரண்டு மடங்கு நிற்பார்கள், கதவில் நாலு பேர் கம்பியைப் பிடித்திருப்பார்கள். கதவு மூடும் வண்டிக்கு ஒரு விலை, மூடாத வண்டிக்கு ஒரு விலை என்று ஆகிவிட்டது. வந்தே பாரத் வந்த நாளில் அதன் முன்னால் செல்பி எடுத்தோம். இதே கதவு எங்கள் பெட்டிக்கு எப்போது என்று ஒரு மனு எழுதவில்லை. அந்தப் பெட்டியில் கூட்டம் இருப்பதால் கதவை மூட முடியாது என்பார்கள். அப்படியானால் பெட்டியைக் கூட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு கேட்க வந்தவர்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர்களிடம் சிவகாசியில் இந்த வண்டி நிற்க வேண்டும், அந்த வண்டி நிற்க வேண்டும் என்றுதான் கேட்டோம். நின்ற வண்டியில் ஏறியவன் உள்ளே இருப்பானா என்று கேட்கவில்லை.

ராத்திரி வண்டியில் நடக்கிற பேச்சு இதுதான்.

“தம்பி, கதவச் சாத்துப்பா.”

“உள்ள காத்தே இல்லண்ணே. இருவது பேரு நிக்கோம்.”

“சரி, பாத்து உக்காரு.”

அவ்வளவுதான். பாத்து உக்காரு என்று சொன்னதோடு எங்கள் கடமை முடிந்தது. அவன் கண் சொருகும் நேரம் ராத்திரி ரெண்டு மணி என்று எங்களுக்குத் தெரியும். “நீ கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காரு தம்பி, நான் நிக்கேன்” என்று சீட்டை விட்டு எழுந்தவர் எங்களில் அபூர்வம். சங்கிலியை இழுப்பதற்கும் எங்களுக்குக் கை வராது. காரணமில்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று அதன் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறோம். ஆள் விழுந்தது போதுமான காரணம் என்று யோசிக்கவே அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் வண்டி எண்ணூறு மீட்டர் போய்விடும்.

இதில் வெட்கப்பட வைக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. ஜன்னலோரம் செல்போன் தவறி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். தண்டவாளத்தோரம் நிற்கும் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே கிலோமீட்டர், கீழே வரிசை எண். 139க்குப் போன் போட்டு அந்த நம்பரைச் சொன்னால் ரயில்வே பாதுகாப்புப் படை சரியாக அந்த இடத்தில் போய்த் தேடும். வாட்ஸாப்பில் இதை ஆயிரம் தடவை அனுப்பியிருக்கிறோம். ஆனால் மனுஷன் விழுந்தபோது கம்பத்தைப் பார்த்தவர்கள் யார்? “ஐயோ, விழுந்துட்டான், விழுந்துட்டான்” என்று கத்துவோம். எந்த இடம் என்று கார்டு வந்து கேட்டால், “இப்பத்தான், ஒரு பாலம் தாண்டி” என்போம். விருத்தாசலத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எத்தனை பாலம்! இருட்டில் டார்ச்சோடு போகிறவர்கள் எங்கே என்று தேடுவார்கள்? உயிர் இருந்தாலும் அந்த நேரத்தில்தான் போகும்.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ரயில்வே போலீஸ் ஏறி, “யார் பார்த்தது?” என்று கேட்பார்கள். அப்போது பெட்டியே தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு தாளில் பெயர், செல் நம்பர், ஊர், பெட்டி எண், கம்பத்து எண், அவன் எந்த ஸ்டேஷனில் ஏறினான், டிக்கெட் எடுத்ததைப் பார்த்தோமா என்று எழுதி, அவன் கூட வந்தவர் கையில் கொடுக்க ரெண்டு நிமிஷம் போதும். பின்னால் ஒரு நாள் தீர்ப்பாயத்தில் அந்தத் தாள்தான் பாதி வழக்கு. கொடுத்தால் விருத்தாசலத்திலிருந்து போலீஸ் கூப்பிடும், சென்னைக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள், ரெண்டு நாள் கூலி போகும், வீட்டில் திட்டு விழும். இதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுக்காமல் இருந்தோம்.